தங்கச் சரிகையும் சந்தன நிறமும்: பட்டுப்புடவை கேட்லாக்கை அச்சில் கொண்டுவருவது எப்படி?

வண்ணத்தறி (காஞ்சிபுரம்)

வணக்கம். எங்கள் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றுக்கு முகூர்த்த சீசனுக்கான கேட்லாக் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். 32 பக்கம். உள்ளே 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேட் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. 3000 பிரதி, ஆஃப்செட். இன்னும் பிளேட் (அச்சுத் தகடு) போடவில்லை, அதற்குள் தெளிவு பெற வேண்டும்.

பக்கங்களின் பின்னணி முழுக்க வெளிறிய சந்தன நிறம். ஆங்காங்கே கோபுரக் கரை, மயில், ருத்ராட்சம் என்று சரிகை வடிவங்களைக் கோட்டோவியமாக வைத்திருக்கிறேன், அவை தங்க நிறத்தில் வர வேண்டும். திரையில் எல்லாம் அருமையாக இருக்கிறது. டிஜிட்டல் ப்ரூஃப் எடுத்துப் பார்த்தால் தங்கம் கடுகு மஞ்சளாக நிற்கிறது. பின்னணி இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கிறது. படங்களில் இருக்கும் சரிகையும் பழுப்பாகத் தட்டையாகத் தெரிகிறது. நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த கடைக்காரர் அதைப் பார்த்ததும் “இது என் சரிகை இல்லையே” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

மூன்று கேள்விகள். தங்கத்துக்கு நாலு கலரில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) ஏதாவது எண் இருக்கிறதா, இல்லை தனி மையா? சந்தன நிறத்தை எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி கொண்டுவருவது எப்படி? படத்தில் இருக்கும் சரிகைக்கு ஏதாவது செய்ய முடியுமா?


ஐந்தாம் யூனிட் (சிவகாசி)

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நாலு கலரில் தங்கம் கிடையாது. சயான் 20, மெஜந்தா 40, மஞ்சள் 90 என்று எந்த எண்ணை அடித்தாலும் வருவது கடுகு மஞ்சளோ காவியோதான். தங்கம் தங்கமாகத் தெரிவதற்குக் காரணம் அதன் நிறம் மட்டும் இல்லை. தாளைச் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் பளிச்சென்று ஒளி திரும்புகிறது, இன்னொரு கோணத்தில் இருட்டாகிறது. சாதாரண மைக்கு அந்தக் குணம் வராது.

மெட்டாலிக் மைக்குள் இருப்பது உலோகத் தூள். தங்க மையில் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு கூடினால் சிவந்த தங்கம், துத்தநாகம் கூடினால் பசுமஞ்சள் சாயல் தங்கம். வெள்ளி மையில் அலுமினியம். தூள் என்று சொன்னாலும் அவை உருண்டை இல்லை, மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகள் தாளின் மேல் படுக்கையாக அடுக்கினால்தான் மினுமினுப்பு. அதனால்தான் தாள் முக்கியம். மேப்லித்தோ மாதிரி கோட்டிங் இல்லாத தாளில் மை உள்ளே இறங்கிவிடும், தகடுகள் நார்களுக்கு இடையில் தாறுமாறாக நிற்கும், தங்கம் செத்துப்போகும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் நன்றாக நிற்கும். மேட் ஆர்ட் பேப்பர் இரண்டுக்கும் நடுவில்.

பேன்டோன் அட்டையில் (மை நிறங்களுக்கு எண் கொடுத்த மாதிரி அட்டை) 871 முதல் 876 வரை தங்கத்திலிருந்து செம்பு வரை போகும், 877 வெள்ளி. சந்தனப் பின்னணிக்கு 871 அல்லது 872 எடுங்கள். 874, 875 பக்கம் போனால் வெண்கலச் சாயல் வந்துவிடும்.

இன்னொன்று. மெட்டாலிக் மையை 30%, 40% என்று டின்ட்டில் போடாதீர்கள். புள்ளியாக உடைந்தால் மினுமினுப்பு போய் அழுக்குப் பழுப்பாகிவிடும். கோடானாலும் பூவானாலும் முழு சாலிடாக இருக்கட்டும்.


நெகட்டிவ் மேசை (சென்னை)

அண்ணாச்சி தங்கத்தைச் சொல்லிவிட்டார். நான் சந்தனத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இந்த வேலையில் தங்கத்தைவிடச் சந்தனம்தான் அதிகம் படுத்தும்.

உங்கள் பின்னணி ஏறக்குறைய மெஜந்தா 3, மஞ்சள் 12 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். 175 லைன் ஸ்கிரீனில் (அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளிகள்) 3% புள்ளியின் விட்டம் சுமார் 28 மைக்ரான். 2% என்றால் 23 மைக்ரான். இவ்வளவு சின்னப் புள்ளி பிளேட்டில் கொஞ்சம் தேய்ந்தாலோ, தண்ணீர் கொஞ்சம் கூடினாலோ, பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) அழுத்தம் மாறினாலோ, 3 என்பது 2 ஆகும் அல்லது 5 ஆகும். அடர்த்தியான நிறத்தில் 2% மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது. சந்தனத்தில் மெஜந்தா 3 என்பது 5 ஆனால் ரோஸ் பவுடர் போட்ட மாதிரி ஆகிவிடும். மெஜந்தா விழுந்துவிட்டால் எலுமிச்சை. சயான் 1% ஒட்டிக்கொண்டாலே பச்சை. வெளிர் நிறங்களில் நம் கண் அவ்வளவு கூர்மை.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, பல டிசைனர்களுக்கு இது தெரிவதில்லை. மெஷினில் மை வரத்தைத் தாளின் அகலத்தில் பட்டை பட்டையாகத்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஒரு பாரத்தில் (ஷீட்டின் ஒரு புறத்தில் ஒன்றாக அச்சாகும் பக்கங்கள்) 8 பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைப் பக்கத்தில் அரக்குச் சிவப்புப் புடவை முழுப்பக்கமாக இருக்கிறது, அதே பட்டையில் கீழ் வரிசையில் உங்கள் சந்தனப் பக்கம். மெஷின்மேன் சிவப்பு நிறைவாக வர மெஜந்தா சாவியைத் திறப்பார், கீழே சந்தனம் சிவக்கும். அதைச் சரிசெய்ய மூடினால் அரக்கு வெளுக்கும். ஒரே பட்டையில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. பிறகு அந்தச் சந்தனப் பக்கம் பைண்டிங்கில் வேறு பாரத்திலிருந்து வந்த பக்கத்துக்கு எதிரில் உட்காரும். விரித்தவுடன் இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் ஒரு நிறம்.

தீர்வு, சந்தனத்தையும் ஸ்பெஷல் கலராகப் போடுவது. டிரான்ஸ்பரன்ட் ஒயிட்டில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி வார்ம் ரெட் கலந்து ஒரே மை, 100% சாலிட். புள்ளியே இல்லை. மை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதே சந்தனம் சற்று அழுத்தமாகவோ வெளிறியோ வரும், சிவப்புக்கோ பச்சைக்கோ சாயாது.


தாள்வாசம் (சென்னை)

ஸ்பெஷல் மை கலந்து, இன்னொரு பிளேட் போட்டு, இன்னொரு தடவை ஓட்டி... எதற்கு? தாளே சந்தன நிறத்தில் கிடைக்கிறதே. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை நடந்தால் ஐவரி, நேச்சுரல் ஷேட், டெக்ஸ்சர் போட்டது, முத்து மினுமினுப்பு உள்ளது என்று கை வலிக்க வலிக்கப் புரட்டலாம். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். தாள் நிறம் முதல் பிரதிக்கும் மூவாயிரமாவது பிரதிக்கும் ஒன்றுதான். ஓரத்தை வெட்டினால் வெள்ளைக் கோடு தெரியாது. கையில் எடுக்கும்போது கிடைக்கும் உணர்வை எந்த மையும் தராது.

புத்தக வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிரீம் நிறத்தை அச்சடிக்காதீர்கள், வாங்குங்கள்.


நெகட்டிவ் மேசை

பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். இது புடவை கேட்லாக். ஆஃப்செட் மைகள் ஒளி ஊடுருவும் மைகள், தாளின் நிறம் எல்லாப் படத்துக்கும் அடியில் தெரியும். சந்தனத் தாளில் நாலு கலர்ப் படம் போட்டால் படத்தில் உள்ள மிக வெளிச்சமான இடம்கூடத் தாளின் நிறத்துக்கு மேல் வெளுக்காது. ஆனந்தா நீலப் புடவை பச்சைப் பக்கம் சாயும். மாடலின் தோல் மஞ்சள் காமாலை மாதிரி ஆகும். எல்லாவற்றையும்விட, ஹாஃப் ஒயிட் பட்டுக்கும் சந்தனப் பட்டுக்கும் வித்தியாசமே போய்விடும். வாடிக்கையாளர் அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

மஞ்சளைக் குறைத்துப் படங்களைத் திருத்தி ஓரளவு சமாளிக்கலாம். அந்தத் தாளுக்கான புரொஃபைல் (அதில் நிறம் எப்படி விழும் என்ற அளவீட்டுக் கோப்பு) கையில் இருந்தால் அது நன்றாகவே நடக்கும். பெரும்பாலான ஃபேன்சி தாள்களுக்கு நம் ஊரில் யாரிடமும் புரொஃபைல் இல்லை.


தாள்வாசம்

புடவை நிறம்தான் சரக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு நடுவழி: படம் உள்ள பக்கங்கள் வெள்ளை ஆர்ட் பேப்பரில் போகட்டும். தொடக்கத்திலும் முடிவிலும், அட்டைக்கு அடுத்து, உண்மையான ஐவரித் தாளில் நாலு பக்கம் வெறும் எழுத்தும் கோலமும் மட்டும் வையுங்கள். அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறவருக்குக் கேட்லாக் முழுக்க அந்த உணர்வு ஒட்டிக்கொள்ளும்.


ஒளிப்பெட்டி (கோவை)

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் நகை, பட்டு இரண்டும் படம் எடுக்கிறவன், அதனால் இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. ஆக அது கோடிக்கணக்கான குட்டிக் கண்ணாடி. அதற்கென்று சொந்த நிறம் குறைவு, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் வெள்ளைச் சுவரும் பெரிய சாஃப்ட்பாக்ஸும் மட்டும் இருந்தால், சரிகை முழுக்க ஒரே சீரான வெளிர் மஞ்சளாகப் பதிவாகும். அதை அச்சடித்தால் நீங்கள் பார்த்த கடுகு மஞ்சள்தான் வரும். கோளாறு படத்திலேயே ஆரம்பிக்கிறது.

அச்சில் தங்கமாகத் தெரிய வேண்டுமானால் ஒரே சரிகைப் பட்டைக்குள் மூன்று நிலை வேண்டும். உச்ச ஒளி ஏறக்குறைய வெறும் தாளாகவே இருக்க வேண்டும், புள்ளியே வேண்டாம். நடுவில் சூடான மஞ்சள். பக்கத்திலேயே, நெருக்கமாக, ஆழ்ந்த பழுப்பு, அதில் கறுப்பு மை தாராளமாக இருக்கட்டும். இந்த மூன்றும் குறுகிய இடத்துக்குள் சட்டென்று மாறினால் கண் அதை உலோகம் என்று நம்பிவிடும். எண்ணெய் வண்ணத்தில் தங்கம் வரைகிறவர்கள் ஒரு துளி உலோகமும் இல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் எதிர்வழியில் போய், தங்க ரேக்கையே ஒட்டிவிடுகிறார்கள். அச்சிலும் இந்த இரண்டு வழியும் உண்டு.

அதனால், படம் எடுக்கும்போதே முந்தானையை மடிப்பு மடிப்பாகப் போடுங்கள், தட்டையாக விரிக்காதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து சின்ன, கடினமான ஒளி. எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. மடிப்பின் உச்சியில் ஒளி தெறிக்கும், பள்ளத்தில் கறுப்பு அட்டை பிரதிபலிக்கும். அவ்வளவுதான்.

ஏற்கெனவே எடுத்த படம் என்றால், சரிகையை மட்டும் மாஸ்க் செய்து அதற்குள் மட்டும் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். செறிவை ஏற்றாதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான், மஞ்சளை ஏற்ற ஏற்ற அது ஆரஞ்சுக்குப் போகிறதே தவிர உலோகமாகாது.


வண்ணத்தறி

எல்லோருக்கும் நன்றி. கறுப்பு அட்டை விஷயம் எனக்குப் புதிது. நாலு முந்தானைகளை மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று. படத்தில் இருக்கும் சரிகைக்கு அடியிலேயே 871 மையைப் போடலாமா? அப்புறம், நான் பயன்படுத்தும் மென்பொருளில் பேன்டோன் பட்டியலே இல்லை, பழைய கோப்புகளில் அந்த நிறம் கறுப்பாகத் தெரிகிறது.


நெகட்டிவ் மேசை

இரண்டாவதற்கு முதலில். 2022 கடைசியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பேன்டோன் பட்டியல்கள் நீக்கப்பட்டன, தனிச் சந்தா கட்ட வேண்டும் என்றானது. இதற்காகக் கவலைப்படத் தேவையே இல்லை. நீங்களே ஒரு புது ஸ்வாட்ச் உருவாக்கி, வகையை ஸ்பாட் (தனி மை) என்று மாற்றி, “தங்கம் 871” என்று பெயர் வையுங்கள். திரையில் அது எந்த நிறமாகத் தெரிந்தாலும் ஒன்றுதான். பிளேட்டுக்குப் போவது அந்தப் பெயரில் உள்ள வடிவம் மட்டுமே, நிறத்தை முடிவுசெய்வது அண்ணாச்சியின் மை டப்பா. ஆனால் பெயர் எல்லாக் கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் “தங்கம்”, இன்னொன்றில் “தங்கம் 871” என்றிருந்தால் இரண்டு பிளேட் விழும். பிடிஎஃப் எடுக்கும்போது ஸ்பாட் நிறங்களை நாலு கலருக்கு மாற்றும் தேர்வு எங்காவது டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், தங்கம் கடுகாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

படத்துக்கு அடியில் உலோக மை போடலாம். நாலு கலருக்கு அடியில் வெள்ளி மையைப் போட்டு ஆயிரக்கணக்கான மெட்டாலிக் நிறங்கள் உண்டாக்கும் முறைகளே உண்டு, அதற்கென்று தனி மென்பொருளும் இருக்கிறது. உங்கள் வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலோக மை நேராகப் பார்க்கும்போது வெறும் தாளைவிட இருட்டு. ஒளிப்பெட்டி சொன்ன அந்த உச்ச ஒளிக்கு அடியில் அது போனால், கடை விளக்கின் கீழ் ஒரு கோணத்தில் ஜொலிக்கும், மற்ற எல்லாக் கோணத்திலும் படம் அழுக்காகத் தெரியும். ரெஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை தள்ளினாலும் சரிகைக்கு நிழல் விழுந்த மாதிரி இருக்கும். படத்தில் ஒளியால் தங்கம், கோட்டோவியத்தில் மையால் தங்கம், அட்டையில் ஃபாயிலால் (சூட்டில் ஒட்டும் பளபளப்புப் படலம்) தங்கம். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சந்தன ஸ்பெஷலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படங்களுக்கு அடியில் அதை நாக்அவுட் செய்ய வேண்டும், அதாவது அந்த இடத்தில் சந்தன மை விழாமல் விட வேண்டும். ஆனால் கத்தரித்து வைத்த புடவையின் மெல்லிய நிழல் சந்தனத்தின் மேல் விழுகிறது அல்லவா, அந்த நிழலைக் கறுப்பு மையில் மட்டும் வைத்து ஓவர்பிரின்ட் (சந்தனத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சடிப்பது) கொடுங்கள். இல்லாவிட்டால் நிழலைச் சுற்றி வெள்ளை வளையம் வரும்.


சூட்டு அச்சு (மதுரை)

அட்டைக்கு ஃபாயில் என்று வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் கல்யாணப் பத்திரிகை, இனிப்புப் பெட்டி, டைரி எல்லாம் ஃபாயில் அடிக்கிறோம்.

தங்க ஃபாயிலில் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. சுமார் 12 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிம், அதன் மேல் பிரிந்து வர ஒரு மெழுகுப் படலம், மஞ்சள் லேக்கர், வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம், கடைசியாகச் சூட்டில் ஒட்டும் பசை. வெள்ளி மேல் மஞ்சள் கண்ணாடி வைத்த கணக்கு. அந்த அலுமினியம் இடைவெளி இல்லாத ஒரே படலம், அதனால்தான் மையால் தொட முடியாத பளபளப்பு. பித்தளை மை காலப்போக்கில் கறுக்க வாய்ப்பு உண்டு, ஃபாயிலில் அந்தப் பயம் குறைவு.

டிசைனர்கள் கவனிக்க வேண்டியது எழுத்து. 100 முதல் 130 டிகிரி சூட்டில் டை (வடிவம் செதுக்கிய உலோக அச்சு) அழுத்தும்போது ஃபாயில் ஓரங்களில் கொஞ்சம் பரவும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ண, ஞ, னை, ணூ, றூ இவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி பக்கத்து எழுத்தில் ஒட்டிவிடும். மெல்லிய முனைகள் பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. சுழி திறந்த, ஒரே தடிமனான எழுத்துருவை எடுங்கள். எழுத்தளவு 10 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள், நான் 12 கேட்பேன். மகனீசியம் டையில் நுணுக்கம் ஓரளவுதான், மெல்லிய கோலம் என்றால் செம்பு டை போடச் சொல்லுங்கள், காசு கூடும் ஆனால் ஓரம் கத்தி மாதிரி நிற்கும்.

அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டு அதன் மேல் ஃபாயில் அடியுங்கள். பட்டுப்போன்ற மந்தமான பரப்பின் மேல் பளபளப்பு இருந்தால்தான் எடுபடும். வரிசை மாறிவிடக் கூடாது. ஃபாயிலுக்கு மேல் மேட் லேமினேஷன் போட்டால் செய்த செலவெல்லாம் மூடிப்போகும்.


ஐந்தாம் யூனிட்

மதுரைத் தம்பி சொன்ன வரிசை உள்பக்கத்துக்கும் பொருந்தும். தங்க மையில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் தகடுகள் மையின் மேற்பரப்புக்கு மிதந்து வரும், பளபளப்பு அதிகம், விரலால் தேய்த்தால் கையோடு வரும். இன்னொன்றில் தகடுகள் மைக்குள்ளேயே பரவி நிற்கும், மினுமினுப்புக் கொஞ்சம் குறைவு, உரசலைத் தாங்கும். கேட்லாக்கைக் கடையில் நூறு பேர் புரட்டுவார்கள், நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். மேட் ஆர்ட் பேப்பரின் கோட்டிங்கே சொரசொரப்பு, எதிர்ப்பக்கத்தை உரசும். அதனால் மேலே வாட்டர் பேஸ்டு கோட்டிங் கட்டாயம். மினுமினுப்பு சிறிதளவு குறையும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் தங்கத் தூள் ஒட்டாது. எண்ணெய் வார்னிஷ் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக மஞ்சளித்துச் சந்தன நிறத்தைக் கெடுக்கும்.

ஃபவுண்டன் தண்ணீரில் (பிளேட்டில் மை ஒட்டக் கூடாத இடத்தை நனைப்பது) அமிலம் கூடினால் பித்தளை மை மங்கும். இதை மெஷின்மேனிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், தங்கம் ஓட்டும் நாளில் அவர் தனியாகப் பார்த்துக்கொள்வார்.

இப்போது கணக்கு. ஐந்து யூனிட் மெஷின் என்றால் நாலு கலரும் தங்கமும் ஒரே ஓட்டத்தில் போகும். சந்தனத்துக்கு இடமில்லை. அதை முதலில் ஒற்றைக் கலர் மெஷினில் தனியாக ஓட்டிக் காயவைத்துவிட்டு, பிறகு ஐந்து கலர் போடலாம். இதில் ஒரு லாபம் இருக்கிறது: காய்ந்த சந்தன மை தாளின் துவாரத்தை அடைத்துவிடும், அதன் மேல் விழும் தங்கம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஆனால் சந்தனத்தை ஓட்டிவிட்டு வாரக்கணக்கில் கிடப்பில் போடாதீர்கள். மேல்பரப்பு ரொம்ப இறுகினால் அடுத்த மை பிடிக்காது.

32 பக்கம் என்றால் இரண்டு ஷீட், நாலு பாரம். தங்கக் கோட்டோவியம் எல்லாப் பக்கத்திலும் வேண்டுமா என்று யோசியுங்கள். அவற்றை இரண்டு பாரத்துக்குள் வருகிற மாதிரி பக்கங்களை அமைத்தால் தங்கத்துக்கு இரண்டு பிளேட் மிச்சம். எந்தப் பக்கம் எந்தப் பாரத்தில் விழும் என்று அச்சகத்தில் டம்மி (பக்க எண் எழுதிய வெறும் தாள் மாதிரி) மடித்துக் கேளுங்கள்.


வண்ணத்தறி

அண்ணாச்சி, டம்மி மடித்துப் பார்த்துவிட்டேன். 16 பக்கங்களுக்குள் தங்கத்தை அடக்கிவிட முடிகிறது. கோட்டோவியங்கள் குறைந்ததில் பக்கங்களும் முன்பைவிட நன்றாக மூச்சு விடுகின்றன.

கடைக்காரர் ஒன்று கேட்கிறார். ப்ரூஃப் அச்சகத்தில் பார்த்தபோது சந்தனம் சரியாக இருந்தது, கடைக்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகத் தெரிகிறது, வாசலில் வெயிலில் வைத்தால் வெளுத்த மாதிரி இருக்கிறது. எது உண்மை?


நெகட்டிவ் மேசை

மூன்றும் உண்மைதான், காரணம் தாளில் இருக்கிறது. இப்போது வரும் வெள்ளை ஆர்ட் பேப்பர்களில் ஆப்டிகல் பிரைட்டனர் என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். வெயிலில் புற ஊதா நிறைய, தாள் நீலம் கலந்த வெள்ளையாக ஜொலிக்கும், அதன் மேல் இருக்கும் மெல்லிய மஞ்சளை அந்த நீலம் அடித்துவிடும். கடையில் இருக்கும் எல்இடி விளக்குகளில் பெரும்பாலும் புற ஊதா இல்லவே இல்லை, போதாக்குறைக்குப் புடவைக் கடைகளில் சூடான மஞ்சள் ஒளி வைப்பது வழக்கம். சந்தனம் அங்கே மஞ்சளாகத்தான் தெரியும். அடர்ந்த நிறங்களில் மை தாளை மூடிவிடுவதால் இது அதிகம் தெரியாது. கிரீம், ஐவரி, ஹாஃப் ஒயிட் எல்லாம் முக்கால்வாசி தாள்தான்.

ஐஎஸ்ஓ 3664 தரத்தின்படி ப்ரூஃப் பார்க்க டி50 விளக்கு, அதாவது 5000 கெல்வின், 2000 லக்ஸ் வெளிச்சம். அந்த விளக்கில் புற ஊதாவும் உரிய அளவில் இருக்க வேண்டும் என்பது 2009 திருத்தத்தில் வலியுறுத்தப்பட்டது. 2015இல் வந்த ஃபோக்ரா 51 புரொஃபைலும் (ஃபோக்ரா ஒரு ஜெர்மன் அச்சு ஆய்வு நிறுவனம்) பிரைட்டனர் உள்ள தாளைக் கணக்கில் எடுத்துச் செய்ததே. பழைய ஃபோக்ரா 39ஐ வைத்து எடுத்த டிஜிட்டல் ப்ரூஃபும் நிஜத் தாளும் கிரீம் நிறத்தில் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம். அச்சகத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அச்சகத்தில் ஷீட்டை ஒப்பிட டி50 விளக்குதான் வேண்டும், அங்கே விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் மையை எந்தச் சந்தனத்துக்குக் கலப்பது என்ற முடிவைக் கடையின் விளக்கில் எடுங்கள். கேட்லாக் பார்க்கப்படும் இடம் அதுதான். நிஜப் பட்டைப் பக்கத்தில் வைத்து, மை கலந்தவர் தாளில் தட்டிக் காட்டும் மாதிரிகளை, காய்ந்த பிறகு, அங்கே ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் நிறம் கொஞ்சம் இறங்கும்.

பிரைட்டனர் குறைந்த ஆர்ட் பேப்பர் கிடைக்குமா என்று தாள்வாசத்திடம் கேளுங்கள். அது கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.


தாள்வாசம்

கிடைக்கும். தாள் கடையில் ஒரு சின்ன யுவி டார்ச்சை எடுத்துப்போய் மாதிரிகளின் மேல் அடித்துப் பாருங்கள், ரூபாய் நோட்டுச் சோதிக்கும் டார்ச் போதும். பிரைட்டனர் அதிகமுள்ள தாள் நீலமாக எரியும், குறைந்தது மந்தமாக இருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். மந்தமானது லேசாகச் சூடான வெள்ளையாக இருக்கும், உங்கள் வேலைக்கு அதுவே நல்லது. ஒரே லாட்டில் மொத்தத்தையும் வாங்குங்கள்.


ஒளிப்பெட்டி

சின்ன இணைப்பு. கடைக்காரர் கேட்லாக் படங்களைச் சுவரில் போஸ்டராகவும் மாட்டுவார் என்றால் இப்போதே சொல்லுங்கள். வழக்கமான அச்சு மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலைத் தாங்காதவை, வெளிர் டின்ட்டில் இன்னும் சீக்கிரம் போகும். ஜன்னலோரம் மாட்டிய கிரீம் பின்னணி சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். ஸ்பெஷல் மை கலக்கும்போது வெளிச்சம் தாங்கும் பிக்மென்ட்டில் கேட்டு வாங்கலாம்.


கைப்பிரதி (திருச்சி)

இடையில் ஒரு கேள்வி. எனக்கும் இதே மாதிரி வேலை, ஆனால் 150 பிரதி மட்டுமே. ஸ்பெஷல் மை, தனி ஓட்டம் எல்லாம் கட்டாது. வழி உண்டா?


நெகட்டிவ் மேசை

உண்டு. தங்கம், வெள்ளி டோனர் போடும் டிஜிட்டல் மெஷின்கள் இருக்கின்றன. ஜெராக்ஸின் இரிடெஸ் 2018இல் வந்தது, ஆறு நிலையங்கள், நாலு கலருக்கு அடியில் உலோகத்தைப் போட்டு மேலே படம் அடிக்கும். பெரிய நகரங்களில் விசாரித்துப் பாருங்கள். மினுமினுப்பு ஆஃப்செட் தங்க மைக்குக் கிட்டே வரும், ஃபாயில் அளவுக்கு வராது. 150 பிரதிக்குத் தாள்வாசம் சொன்னபடி ஐவரித் தாள் வாங்கி, தங்கத்தை ஸ்கிரீன் பிரின்டிங்கில் போடுவதுதான் என் முதல் தேர்வு. ஸ்கிரீனில் மை தடிமனாக விழும், கோட்டிங் இல்லாத தாளிலும் தங்கம் எடுபடும்.


வண்ணத்தறி

இறுதி நிலவரத்தைப் பதிந்துவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

பிரைட்டனர் குறைந்த மேட் ஆர்ட் பேப்பர், ஒரே லாட். சந்தனம் ஸ்பெஷல் மை, ஒற்றைக் கலர் மெஷினில் முதலில். அடுத்து நாலு கலரும் 872உம், இரண்டு பாரத்தில் மட்டும் தங்கம். எல்லாவற்றுக்கும் மேல் வாட்டர் பேஸ்டு கோட்டிங். 871ஐ விட்டு 872க்குப் போனதற்குக் காரணம், கடையின் மஞ்சள் விளக்கில் சந்தனத்தின் மேல் 871 பிரிந்து தெரியவில்லை. அட்டையில் மேட் லேமினேஷன் மேல் ஃபாயில், செம்பு டை. கடையின் பெயரில் ஒரு “ணூ” இருக்கிறது, சூட்டு அச்சு சொன்னது போல் சுழியைத் திறந்து வரைந்துவிட்டேன்.

முதல் பாரம் ஓடியபோது அங்கேயே நின்றேன். முழுச் சிவப்பு முந்தானைக்குக் கீழே இருந்த சந்தனப் பக்கம் அசையவே இல்லை. மறுபடி எடுத்த முந்தானைப் படங்களில் சரிகை மடிப்புக்கு மடிப்பு ஒளிர்கிறது, அதில் உலோக மை துளியும் இல்லை. கடைக்காரர் ஷீட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்தில் மை, எந்தப் பக்கத்தில் படம் என்று என்னிடம் கேட்டார்.

ஒரு கேள்வி மிச்சம். தை மாதம் இன்னொரு 1000 பிரதி அடிக்க வேண்டியிருக்கலாம். அதே சந்தனம் வருமா?


ஐந்தாம் யூனிட்

வரும், இப்போதே மூன்று காரியம் செய்து வைத்தால். மை கலந்த விகிதத்தை எடைக் கணக்கில், கிராமில், எழுதி வாங்குங்கள். கண்ணளவில் கலந்தது மறுபடி வராது. ஓகே செய்த ஷீட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி, ஒன்று அச்சகத்துக்கு, ஒன்று உங்களுக்கு, கறுப்புக் கவரில் வெளிச்சம் படாமல். அடிக்காத வெறும் தாள் பத்து ஷீட்டையும் கூடவே வையுங்கள். தை மாதம் வரும் தாள் வேறு லாட்டாக இருக்கும், புது மையைப் பழைய தாளிலும் புதுத் தாளிலும் தட்டிப் பார்த்தால் மாறியது மையா தாளா என்று தெரிந்துவிடும்.

மிச்சமான சந்தன மையை டப்பாவில் மூடி வைக்கலாம். தங்க மை மிஞ்சினால் வைத்திருக்காதீர்கள், அடுத்த தடவை புதிதாக வாங்குங்கள்.